அகலவியல்: இணையப் பக்கம் எத்தனை பிக்சல் என்னும் வினாவுக்கு ஓர் உரை

இணையதளத்தை எந்த அகலத்துக்கு வடிவமைப்பது என்பதில் மூன்று கொள்கைகள் உள. இருப்பதிலேயே சிறிய திரைக்குச் செய்க என்பர் ஒரு சாரார். பெரும்பாலோர் வைத்திருக்கும் திரைக்குச் செய்க என்பர் மற்றொரு சாரார். அகலம் என்பதே மாயை, எத்திரைக்கும் இசையச் செய்க என்பர் ஞானியர். மூவர் கூற்றும் பொருந்தாது. பக்கத்தைப் பார்த்து 'ஓகே' சொல்லிப் பணம் தருகிறவர் எந்தத் திரையில் பார்க்கிறாரோ, அதுவே அகலம். இதை நிறுவுவதே இவ்வுரையின் நோக்கம்.

ஆதியில் அகலம் இருக்கவில்லை. 1991-இல் டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்திலிருந்து உலகுக்கு வெளியிட்ட முதல் இணையதளத்துக்கு யாரும் அளவு குறிக்கவில்லை. கணினியில் ஜன்னலை இழுத்தால் வரிகள் நீளும், சுருக்கினால் மடியும். அந்தப் பக்கம் இன்றைக்கும் உடையவில்லை. பார்க்க அழகாக இல்லையே என்று சிலருக்குத் தோன்றியது. டிசைனர்கள் வந்தார்கள்.

அவர்கள் வந்த பிறகான வரலாற்றை மூன்று காலமாகப் பகுப்போம். முச்சங்கம் கண்ட மரபில் வேறு எண்ணால் பகுப்பது முறையன்று. முதற்காலம் 640. ஐபிஎம் 1987-இல் கொண்டுவந்த விஜிஏ திரையின் அகலம் அது. பிரவுசரின் ஓரங்கள் தின்றது போக 600-ஐ ஒட்டி மிஞ்சும். இடைக்காலம் 800. பக்கத்தின் அடியில் '800×600 திரையில் பார்ப்பது சிறந்தது' என்று எழுதிவைத்த காலம் இது. படிக்க வந்தவரிடம் மானிட்டரை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லும் துணிவு வேறெந்தப் பதிப்பாளருக்கும் இருந்ததில்லை.

கடைக்காலம் 1024. இக்காலம் ஈன்ற பெரும்பேறு 960 என்னும் எண். விண்டோஸ் எக்ஸ்பியின் ஸ்க்ரோல் பார் 17 பிக்சலை எடுத்துக்கொள்ள, மிச்சம் 1007. அவ்வளவு இருக்க ஏன் 960 எனின், அதை மீதியின்றி வகுக்கும் எண்கள் 28 உள்ளன என்க. கிளையன்ட் இரண்டு பெட்டி கேட்டால் வகுபடும். மூன்று கேட்டாலும் வகுபடும். மறுநாள் மனம் மாறி ஐந்து கேட்டாலும் வகுபடும். 1000 என்று வைத்துக்கொண்டவர்கள் மூன்று பெட்டிக்கே 333-உம் மிச்சம் ஒரு பிக்சலுமாக நின்றார்கள். நேதன் ஸ்மித் 2008-இல் 12 பத்தி, 16 பத்தி என இருவகையாக '960 கிரிட் சிஸ்டம்' வெளியிட்ட பிறகு இந்த எண்ணுக்கு மறுப்பே இல்லாமல் போயிற்று.

960-இன் அருமை தெரிய 1366-ஐப் பார்க்க வேண்டும். விலை மலிந்த லேப்டாப்புகள் பலவும் 1366×768 திரையோடு வந்தன. 16-க்கு 9 என்ற விகிதப்படி 768 உயரத்துக்கு 1365.33 அகலம் வேண்டும். மூன்றிலொரு பிக்சலை எந்தத் தொழிற்சாலையும் செய்து தராது. சரி, 1366-ஐ வகுத்தால் என்ன கிடைக்கும்? 2-உம் 683-உம். 683 பகா எண். எனவே இத்திரையை இரண்டு பத்தியாகப் பிரிக்கலாம். அல்லது 683 பத்தியாகப் பிரித்துப் பத்திக்கு 2 பிக்சல் கொடுக்கலாம். பின்னதன்படி அமைந்த இணையதளம் எதுவும் இவ்வுரையாசிரியன் கண்ணில் படவில்லை.

இதற்கிடையில் 2007-இல் ஐபோன் வந்துவிட்டது. அதன் திரை 320 பிக்சல்தான். ஆனால் அளவு கேட்ட பக்கங்களிடம் 980 என்று கூசாமல் சொன்னது. 960-காரர்கள் மனம் நோகக் கூடாதல்லவா! 2010-இல் வந்த ஐபோன் 4-இல் மெய்யாகவே 640 பிக்சல் இருந்தது. அது 320 என்று சொன்னது. முன்பு கூட்டிச் சொன்ன கருவி பின்பு குறைத்துச் சொன்னது ஏன் எனின், பிக்சல் என்பது திரையில் உள்ள புள்ளி அன்று. பக்கத்துக்குத் தோற்றம் தரும் சிஎஸ்எஸ் மொழியின் விதியின்படி அது பார்க்கிறவர் கண்ணில் விழும் ஒரு கோணம்: ஓர் அங்குலத்தின் 96-இல் ஒரு பங்கு, கை நீட்டும் தூரத்தில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு. யார் கை என்று ஐயுறுவோருக்கு விதியே விடை தருகிறது: 28 அங்குலக் கை. அதைவிடக் குட்டைக் கையுடையோர் பார்ப்பது பிக்சல்தானா என்பது தனி ஆய்வுக்குரியது.

அதே 2010-இல் ஈதன் மார்க்கோட், திரைக்கேற்ப நெகிழும் 'ரெஸ்பான்சிவ்' முறையை 'அ லிஸ்ட் அபார்ட்' இதழில் எழுதினார். அச்சுத்தாள் பழக்கத்தை விடுங்கள் என்று ஜான் ஆல்சாப் அதே இதழில் 2000-இலேயே சொல்லியிருந்தார். பத்தாண்டு கழித்துத்தான் காதில் விழுந்தது. ஞானியர் வென்றனர், வினா ஒழிந்தது என்று எண்ணுவோர் இத்தொழிலுக்குப் புதியவர்கள். ஓர் அகலத்தைத் தேர்ந்தெடுக்கும் தொல்லை போய், எந்தெந்த அகலத்தில் பக்கம் உருமாற வேண்டும் என்னும் தொல்லை வந்தது. 2013-இல் வந்த பூட்ஸ்ட்ராப் 3 என்னும் வடிவமைப்புச் சட்டகத்தின் கணக்கில் 768, 992, 1200. தமிழில் பக்கம் செய்வோருக்கு இதற்கு மேலும் ஒரு கண்டம்: 'ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது' என்று ஒரு தலைப்புப் போட்டால், அந்த ஒற்றைச் சொல்லே 320 பிக்சலை நிரப்பி வலப்பக்கம் வெளியே எட்டிப் பார்க்கும்.

இனி நம் முடிபு. கிரிட் சரி, உருமாற்றம் சரி, எல்லாம் சோதித்து அனுப்பியாயிற்று. பணம் தரும் முதலாளியிடமிருந்து போன் வருகிறது: "தம்பி, நம்ம லோகோ கீழ இறங்கி மெனு மேல உக்காந்திருக்கே?" நம் போனில் அப்படி இல்லை; அலுவலகத்தில் எவர் போனிலும் இல்லை. நேரில் போய்ப் பார்த்தால், வெள்ளெழுத்துக் கண்ணுக்காக எழுத்தளவை இருப்பதிலேயே பெரிதாக வைத்திருக்கிறார். அடுத்த கிழமை இரண்டாவது சாட்சி வரும்: "மச்சான் ஐபேட்ல பாத்தாராம், என்னவோ கோணலா இருக்குங்கிறார்." மச்சான் தம் பழைய ஐபேடைப் படுக்கவைத்துப் பார்த்தாரா நிறுத்திவைத்துப் பார்த்தாரா என்பதைப் பொறுத்து 1024-ஆ 768-ஆ என்பது துணியப்படும்.

இங்கே இளம் டிசைனர்கள் சிரிப்பதுண்டு. சிரிக்க ஒன்றுமில்லை. 2018-இல் வெளியான டபிள்யூசிஏஜி 2.1 என்னும் அணுகல் நெறி, சில விலக்குகள் நீங்கலாக, 320 பிக்சல் அகலத்தில் பக்கவாட்டில் நகர்த்தாமலே பக்கம் படிக்கக் கிடைக்க வேண்டும் என்கிறது. 1280 பிக்சல் திரையை நான்கு மடங்கு பெருக்கிப் பார்ப்பவருக்குக் கிடைக்கும் அகலம் அதுதான். ஆக, கண் மங்கிய முதலாளி தம்மை அறியாமலே அந்நெறிக்குத் துணை நிற்கிறார், சோதனைக்கூலி வாங்காமல். அவர் போனில் உடையாத பக்கம் பெரும்பாலும் வேறெங்கும் உடைவதில்லை.

ஆகவே இத்தொழிலில் இறங்குவோருக்கு ஒரு வேண்டுகோள். முதல் சந்திப்பில், முன்பணம் பேசுவதற்கு முன்பே, முதலாளி கையில் என்ன போன், எழுத்தை எவ்வளவு பெரிதாக வைத்திருக்கிறார் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மச்சான் உடன் வந்திருந்தால் அவருடையதையும்.