வேஷம் யாரு?

திருவனந்தபுரம் கோட்டைக்ககத்துப் பக்கம் ஒருவகை மனிதர் உண்டு. அவரிடம் கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் பெண் யார், பையன் யார் என்று பார்க்கமாட்டார். தேதியைத்தான் பார்ப்பார். பார்த்ததும் முகம் சுருங்கும்.

"அன்னிக்குக் கார்த்திகைத் திருநாள் தியேட்டர்லே ரெண்டாம் நாள் ஆக்குமே."

"முகூர்த்தம் காலம்பற ஒன்பது மணிக்கு, மாமா."

"அது சரி. சாயந்தரம் ரிசப்ஷன்னு போட்டிருக்கியே, அதை யாரு கேட்டா?"

ரெண்டாம் நாள் என்பது உண்ணாயி வாரியரின் நளசரிதத்தில் இரண்டாம் நாள் ஆட்டம். நான்கு நாள் ஆடவேண்டிய கதை அது. நளனும் தமயந்தியும் புதுமணத் தம்பதியாக உலாவுவது, சூதில் நாடு போவது, நடுக்காட்டில் தூங்குகிற மனைவியை விட்டுவிட்டு நளன் போவது எல்லாம் இரண்டாம் நாளில்தான். அந்தத் தம்பதி பிரியப்போகிறார்கள் என்பது மாமாவுக்கு ஐம்பது வருஷமாகத் தெரியும். ஆனாலும் உறவுக்காரப் பெண்ணுக்குக் காலையில் அட்சதை போட்டு, பந்தியில் சாப்பிட்டு, பாயசத்துக்குப் பிறகு கிளம்பிவிடுவார். சாயந்தரம் தமயந்திக்கு ஆறுதலாக ஒரு ஆள் வேண்டாமா?

இவரை மலையாளத்தில் களிப்பிராந்தன் என்பார்கள், அதாவது கதகளிப் பைத்தியம். அவர் இதை வசவாக எடுத்துக்கொள்வதில்லை. நாளைக்கே பத்மஸ்ரீ கொடுத்தாலும் இந்தப் பட்டத்துக்குக் கீழேதான் அதை எழுதிக்கொள்வார். நாமும் மரியாதையாகப் பிராந்தர் என்றே சொல்வோம். இந்த ஊரில் பிராந்தர்கள் எல்லாச் சாதியிலும் உண்டு. நான் சொல்வது கரமனை, வலியசாலை அக்ரகாரங்களில் முளைத்த தமிழ் வகையை. நவராத்திரி மண்டபத்துக் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்த காது என்பதால், நடிகரோடு நின்றுவிட வேண்டிய குறைகளை இவர்கள் பொன்னானி என்கிற முதல் பாடகர், சிங்கிடி என்கிற துணைப் பாடகர், செண்டை, மத்தளம் என்று வரிசையாகக் கொண்டுபோவார்கள்.

கதகளி நடக்கிறது என்று கேள்விப்பட்டால் நம்மைப் போன்றவர்கள் "என்ன கதை?" என்று கேட்போம். பிராந்தர் கேட்பது "வேஷம் யாரு?" நோட்டீஸைக் கீழிருந்து மேலாகப் படிப்பார். முகத்தில் சுட்டி கட்டுவது யார், செண்டை யார், பாட்டு யார், வேஷம் யார். உச்சியில் பெரிய எழுத்தில் இருக்கும் தலைவர், முன்னிலை, மந்திரி எல்லாம் அவர் கண்ணில் படுவதேயில்லை.

களி ஆறரைக்கு என்றால் மூன்று மணிக்கே அணியறையில், அதாவது ஒப்பனை அறையில், ஆஜர். அங்கே நடிகர் பாயில் மல்லாந்து கிடப்பார். தலைமாட்டில் சுட்டிக்காரர் அரிசிமாவும் சுண்ணாம்பும் குழைத்துத் தாடையோரம் வரம்பு கட்டி, கத்தரித்த காகிதத்தை அதில் பதித்துக்கொண்டிருப்பார். முகத்து வேலை எல்லாம் முடிய மூன்று நான்கு மணி நேரம் ஆகும். வாயைத் திறந்தால் சுட்டி கோணிவிடும். பிராந்தருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்குமா? பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "ஆசானே, போன மாசத்துக் களியிலே அந்த ரெண்டாவது கலாசம் இருக்கே..." என்று ஆரம்பிப்பார். அரைமணி நேரம் பேசுவார். மறுநாள் தெருவில், "ஆசான்கிட்டே நேரிலேயே சொல்லிட்டேன். மறுத்து ஒரு வார்த்தை பேசலை" என்பார். உண்மைதான். பாதி நடிகர்கள் சுட்டி குத்தும்போது தூங்கிவிடுவார்கள்.

தூக்கம் என்றதும் இவருடைய தூக்கத்தையும் சொல்லவேண்டும். அது ஒரு வித்தை. களிவிளக்கின் முன்னால் முதல் வரிசையில் இடம் பிடித்து, புறப்பாடும் மேளப்பதமும் கேட்டு, கதை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிவிடுவார். வாய் லேசாகத் திறந்திருக்கும். புதிதாக வந்தவர்கள் பரிதாபமாகப் பார்ப்பார்கள். ஆனால் அவருக்குப் பிடித்த பதம் வரும்போது, பாடகர் ராகத்தைத் தொடுவதற்கு முன்பே கண் திறந்துவிடும். தூக்கத்திலேயே தாளத்தை எண்ணிக்கொண்டிருப்பார் போல. கத்தி வேஷம், அதாவது ராவணன் மாதிரி ஆள், திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு அலறும்போது குழந்தைகள் விழித்து அழும். இவர் விழித்து, "தொண்டை போதாது" என்பார்.

அந்தக் காலத்தில் விடியவிடிய ஆடின களி, இப்போது தியேட்டரில் கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடிந்துவிடுகிறது. "கதகளியைச் சீரியல் ஆக்கிட்டா" என்று அவர் பொருமாத நாளில்லை. அவருடைய முழங்கால்கள் மட்டும் சபாக்காரர்களுக்கு மனசுக்குள் நன்றி சொல்லும். எங்காவது கோயிலில் விடியும்வரை களி என்றால் போய்விட்டுத்தான் வருவார். நடிகர்கள் கண் சிவப்பதற்குச் சுண்டப்பூ வைத்துக்கொள்வார்கள். மறுநாள் பாங்க் வரிசையில் நிற்கும் இவருக்கு அது தேவைப்படுவதில்லை.

களி முடிந்ததும் அபிப்பிராயம். கைதட்டுவது கோவளத்திலிருந்து வந்த வெள்ளைக்காரர்களின் வேலை, அவர் தட்டமாட்டார். உயிரோடிருக்கும் நடிகருக்கு அவரிடம் கிடைக்கக்கூடிய உச்சபட்சப் பாராட்டு "தரக்கேடில்லை" என்பது. மோசமில்லை என்று அர்த்தம். அதற்கு ஒரு படி கீழே "உம்." இன்னும் கீழே வெற்றிலைச் செல்லத்தைத் திறந்துவிடுவார், பேச்சு கிடையாது. "பேஷ்" என்பதைக் காலமானவர்களுக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறார்.

காலமானவர்கள் அவருக்குப் பெரிய பலம். "செங்கன்னூர் ராமன் பிள்ளையோட கத்தி பாத்திருக்கியோ?" என்று கேட்பார். அவர் 1980-இல் போய்விட்டார். "கலாமண்டலம் கிருஷ்ணன் நாயரோட பாகுகன்?" பாகுகன் என்பது உருமாறிய நளன். கிருஷ்ணன் நாயர் போனது 1990. நாம் பதில் சொல்ல வழியில்லை. "பின்னே என்னத்தைப் பாத்தே?" இந்தக் கேள்விக்கு முன்னால் நம்முடைய டிக்கெட்டும் கைதட்டலும் செல்லாக்காசு. ஒரு விஷயம் மட்டும் நான் கவனித்திருக்கிறேன். கிருஷ்ணன் நாயர் ஆடிக்கொண்டிருந்த காலத்தில் இதே மாமாக்கள் அவரைப் பற்றியும் "தரக்கேடில்லை" என்றுதான் சொன்னதாக இவர்களைவிட மூத்த பிராந்தர்கள் சொல்கிறார்கள்.

இவர்களுக்குள் கட்சிகளும் உண்டு. வடக்கன் களரி, தெக்கன் களரி என்று இரண்டு ஆட்டப் பாணிகள். வடக்கர்களுக்குக் கலாமண்டலம் கோபிதான் நளன். 1937-இல் பிறந்த கோபியின் நளனுக்கு எதிரே கோட்டக்கல் சிவராமன் தமயந்தியாக நின்ற நாட்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் காப்பி ஆறிவிடும். சிவராமன் 2010-இல் இறந்ததிலிருந்து தமயந்தி விதவையாகிவிட்டாள் என்கிற மாதிரி ஒரு பெருமூச்சு. தெக்கன் கட்சிக்காரர் செங்கன்னூர் வழியை விட்டுக்கொடுக்கமாட்டார். "திருவிதாங்கூர் இல்லாமே களி ஏது?" என்று ஊர்ப்பெருமையைக் கையில் எடுப்பார். திருவிதாங்கூர் ராஜா தர்மராஜா கார்த்திகைத் திருநாளே ஆட்டக்கதை, அதாவது கதகளிக்கான பாட்டுக்கதை, எழுதினார். கீசகவதம், உத்தராசுயம்வரம், தக்ஷயாகம் மூன்றையும் எழுதிய இரயிம்மன் தம்பி இந்த ஊர்க்காரர். இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே ஸ்கூட்டரில் கொல்லம் பக்கம் களி பார்க்கப் போவார்கள். திரும்பும்போது ஒருவர் பஸ்ஸில் வருவார். அடுத்த வாரம் மறுபடியும் அதே ஸ்கூட்டர், அதே இரண்டு பேர்.

ஐரோப்பாவில் பாலே நடனத்துக்கு இப்படிப் பைத்தியமானவர்கள் ஒருபடி மேலே போனதாக ஒரு கதை இருக்கிறது. மாரி தாலியோனி என்ற நடனக்காரி 1842-இல் ரஷ்யாவை விட்டுக் கிளம்பியபோது, அவளுடைய ஆட்டக் காலணிகளை ரசிகர்கள் விலைக்கு வாங்கி, சமைத்து, சாறு ஊற்றிச் சாப்பிட்டார்களாம். இதை நான் ஒருநாள் பிராந்தரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "நம்மகிட்டே சுட்டி இருக்கு. அரிசிமாவும் சுண்ணாம்பும். வெத்தலை இருந்தா..." என்று இழுத்துவிட்டு, "ஆனா அந்த அளவுக்கு ஆட இப்போ யாரு இருக்கா?" என்று முடித்தார்.

அவரிடம் பாலே என்ற பேச்சை எடுத்ததே ஆபத்து. தென்கேரளத்துக் கோயில் உத்சவப் பறம்புகளில் பாலே என்று ஒன்று நடக்கும். புராணக் கதை, பதிவு செய்த பாட்டு, பளபளக்கும் உடை, சுற்றிச் சுழலும் விளக்கு, புகையின் நடுவே தேவி திடீரென்று தோன்றும் தந்திரக் காட்சி. கதகளிக்கு ஐம்பது பேர் இருந்த மைதானத்தில் இதற்குக் கால்வைக்க இடமிருக்காது. ஒரு வருஷம் உத்சவக் கமிட்டி களியை நிறுத்திவிட்டு பாலே வைத்தது. பிராந்தர் நன்கொடைப் புத்தகத்தைத் தொடாமலே திருப்பி அனுப்பினார். ஆனால் அன்றிரவு பின்வரிசையில், துண்டால் தலையை மூடிக்கொண்டு பாதிவரை நின்று பார்த்தார் என்று கேள்வி. "பாம்பு நிஜம் மாதிரியே இருந்தது" என்று அவர் மாமியிடம் சொன்னது எப்படியோ தெருவுக்கு வந்துவிட்டது.

குரு கோபிநாத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவருக்கு இன்றுவரை தீரவில்லை. கதகளி கற்று, அதிலிருந்து கேரள நடனம் என்று ஒன்றை உண்டாக்கியவர் கோபிநாத். வட்டியூர்க்காவில் அவர் பெயரில் நடனகிராமம் இருக்கிறது. களியைச் சுருக்கினார் என்பது பிராந்தரின் குற்றச்சாட்டு. ஆனால் 1987-இல் ராமாயணத்தில் தசரதனாக ஆடும்போது மேடையிலேயே கோபிநாத் இறந்தார் என்பதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடும். செங்கன்னூர் ஆசானின் சீடர் மடவூர் வாசுதேவன் நாயரும் அப்படித்தான். 2018 பிப்ரவரியில், எண்பத்தெட்டு வயதில், அஞ்சல் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கோயிலில் ராவண வேஷத்தோடு அரங்கில் சரிந்தார். இந்த இரண்டு பேரைப் பற்றிப் பேசும்போது மட்டும் பிராந்தரிடமிருந்து எந்தக் குறையும் வராது. வெற்றிலைச் செல்லத்தையும் திறக்கமாட்டார்.

வீட்டிலும் அவர் களியை விடுவதில்லை. காலையில் காப்பியை முத்திரையில் கேட்பார். முத்திரைகளுக்கான நூலான ஹஸ்தலக்ஷணதீபிகையில் இருப்பதே இருபத்துநான்கு முத்திரை. அதில் ஃபில்டர் காப்பிக்கு வழியில்லாததால் அமிர்தம், பாத்திரம், தாகம் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டுவார். மாமி முத்திரை எதுவும் காட்டமாட்டாள். அடுப்படியிலிருந்து ஒரு பார்வை மட்டும். ஐம்பது வருஷத்தில் அவர் குறை சொல்லாத ஒரே அபிநயம் அதுதான்.

இதையெல்லாம் கேலியாகச் சொல்கிறேனே தவிர, அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. கதை அவருக்குத் தெரியும், முடிவு தெரியும், பதங்கள் பாடகருக்கு மறந்தாலும் அவருக்கு மறக்காது. இன்றைக்கு இந்த மனிதர் இந்த இடத்தில் கண்ணை எவ்வளவு நேரம் தாழ்த்தி வைக்கப்போகிறார், பாட்டில்லாமல் ஆடும் இளகியாட்டத்தில் சொந்தமாக என்ன சேர்க்கப்போகிறார் என்பது மட்டும்தான் தெரியாது. அந்தத் துளிக்காகத்தான் மூன்று மணிக்கே போய் உட்காருகிறார். அது கிடைக்காத நாளில் முணுமுணுக்கிறார். எதைப் பார்த்தாலும் "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு வருகிற என்னைப் போன்றவர்களைவிட, அந்த முணுமுணுப்புக்குப் பயந்துதான் அரங்கில் இருப்பவர் ஒழுங்காக ஆடுகிறார் என்று நினைக்கிறேன்.

முணுமுணுப்போடு நிற்காத பிராந்தர்களும் இந்த ஊரில் இருந்திருக்கிறார்கள். டி. அப்புக்குட்டன் நாயர் தொழிலால் பொறியாளர். களி தரம் தாழ்கிறதே என்று திண்ணையில் உட்கார்ந்து புலம்பாமல் 1970-இல் மார்கி என்ற அமைப்பைத் தொடங்கினார். கதகளியையும் கூடியாட்டத்தையும் கற்றுக்கொடுத்து, முறையாக ஆடவைக்கும் இடமாக அது வளர்ந்தது. நம்முடைய பிராந்தர் இதைப் பெருமையாகத்தான் சொல்வார். சொல்லிவிட்டு, "ஆனா அங்கே நாற்காலி கொஞ்சம் பின்னாலே போட்டிருக்கா" என்பார்.

பங்குனி உத்சவத்துக்கோ அல்பசி உத்சவத்துக்கோ திருவனந்தபுரம் வந்தீர்களானால், பத்மநாபசுவாமி கோயிலின் கிழக்குக் கோபுரத்தடியில் நாடகசாலையில் இரவு களி உண்டா என்று விசாரியுங்கள். ஆண்கள் வேஷ்டி கட்டி, சட்டையைக் கழற்றிவிட்டுப் போகவேண்டும். விளக்குக்கு மிக அருகில் கண்மூடி உட்கார்ந்திருப்பவர்தான் நான் சொன்ன ஆள். கதை புரியாவிட்டால் தயங்காமல் கேளுங்கள், பதம் பதமாகச் சொல்லுவார், அலுத்துக்கொள்ளவே மாட்டார். கைமட்டும் தட்டிவிடாதீர்கள். எப்படி இருந்தது என்று அவர் கேட்டால், "பழைய ஆட்கள் மாதிரி வருமா?" என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். காலையில் காப்பி அவர் செலவு.