மதகுக்கட்டையில் உட்காரத் தெரியுமா?

இளைஞர்களோடு வேலை செய்யும் வேலைக்கு எப்படிப் போவது என்று டெல்டா ஊர்களிலிருந்து வந்த கடிதங்கள் இந்த மாதம் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. பக்கத்தில் இடம் உள்ளவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: பி.ஏ. முடித்திருக்கிறேன். இளைஞர் பணிக்குப் போகிறேன் என்றால் வீட்டில் ‘அப்படி ஒரு வேலையா?’ என்கிறார்கள். என்ன சொல்வது? (பாபநாசம் வாசகி)

சாயங்காலம் ஆறு மணிக்கு அவர்களை வாய்க்கால் பக்கம் கூட்டிப்போய் மதகுக்கட்டையைக் காட்டுங்கள். ஏழெட்டுப் பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் பத்தாவதோடு நின்றவன், ஒருவன் டிகிரி முடித்து வேலைக்குக் காத்திருப்பவன், ஒருவன் திருப்பூரில் வேலை பிடிக்காமல் போன வாரம் பஸ் ஏறி வந்தவன். அந்தப் பக்கம் போகிற பெரியவர்கள் எல்லோரும் அவர்களை ஒரு வார்த்தை திட்டிவிட்டுத்தான் போவார்கள். நின்று பேசுகிறவர் யாரும் இல்லை. நின்று பேசுவதுதான் இந்த வேலை. ஆசிரியருக்குப் பாடத்தை முடிக்க வேண்டும், பெற்றோருக்குப் பயம். உங்களுக்கு அந்தப் பிள்ளை மட்டும்தான்.

பெண்பிள்ளைகள் மதகில் உட்கார முடியாது என்பதையும் வீட்டில் சொல்லுங்கள். அவர்கள் எங்கே உட்காருவார்கள் என்று தேடுவது உங்கள் வேலையில் பாதி.

கேள்வி: இதற்கென்று படிப்பு உண்டா? (திருவையாறு)

உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் 1993-இல் தொடங்கியது. 2012-இல் நாடாளுமன்றச் சட்டம் அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. முதுகலைப் படிப்புகள் அங்கே இருக்கின்றன. பக்கத்திலேயே படிக்க நினைத்தால் எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணிப் படிப்பு. திருவாரூர் நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம், திருச்சியில் பிஷப் ஹீபர் கல்லூரி. எங்கே சேர்ந்தாலும் சேருவதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: வாரத்தில் எத்தனை நாள் களப்பணி, களத்துக்கு எந்த ஆசிரியர் கூட வருவார்? பதில் இழுத்தால் வேறு கல்லூரி பாருங்கள்.

இப்போதுதான் கல்லூரியில் இருக்கிறீர்கள் என்றால், நாட்டு நலப்பணித் திட்டம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. காந்தி நூற்றாண்டான 1969-இல் தொடங்கியது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், ஏழு நாள் முகாம். முகாம் முடிந்த அடுத்த மாதம், யாரும் கூப்பிடாமல், அதே ஊருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள். ‘நீங்களா! வாங்க’ என்று யாராவது கூப்பிடுகிறார்களா என்பதில் உங்களுக்கு இந்த வேலை ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: சம்பளம் எவ்வளவு? மறைக்காமல் சொல்லுங்கள். (மன்னார்குடி)

மறைக்கவில்லை. குறைவு. 1972 முதல் நடந்துவந்த நேரு யுவ கேந்திரா, தேசிய இளைஞர் தொண்டர்களை 18 வயதிலிருந்து 29 வயதுக்குள் எடுத்தது. மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம், அதிகபட்சம் இரண்டு வருடம். 2023 அக்டோபர் 31-இல் ‘மை பாரத்’ அமைப்பு வந்தபின் இளைஞர் தொண்டுப் பதிவெல்லாம் அதன் வழியே. தொண்டர் வேலையை வேலை பழகும் காலமாக எடுத்துக்கொள்ளுங்கள், அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது.

சம்பளமுள்ள இடங்களில் முதலில் பார்க்க வேண்டியது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் புறத்தொடர்பு பணியாளருக்கு மாதம் 10,592 ரூபாய், சமூகப் பணியாளருக்கு 18,536 ரூபாய். எல்லாம் ஒப்பந்தம், தொகுப்பூதியம். மாவட்ட இணையதளத்தில் விளம்பரம் வரும், வாரம் ஒருமுறை பார்த்துக்கொண்டே இருங்கள்.

தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தால் நியமன உத்தரவு, சம்பளத் தேதி, பஸ் செலவு மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். நான் முதலில் சேர்ந்த இடத்தில் நாலு மாதம் சம்பளம் வரவில்லை. கேட்டபோது சேவை மனப்பான்மை இல்லை என்றார்கள். அம்மாவிடம் பஸ்ஸுக்குக் காசு வாங்கிக்கொண்டு களத்துக்குப் போனேன், ஐந்தாம் மாதம் போக முடியவில்லை. அந்த ஊர்ப் பையன்களுக்கு நான் சொல்லாமல் போன இன்னொரு ஆள். அவர்களுக்கு அப்படி ஏற்கெனவே பலர். அதனால்தான் சொல்கிறேன், சம்பளம் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கேள்வி: குரூப் 4 படித்துக்கொண்டே செய்யலாமா? (கும்பகோணம்)

தாராளமாக. தேர்வு நெருங்கும்போது பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போங்கள். முடிந்ததும் வந்து நில்லுங்கள்.

கேள்வி: ஒரு கிராமத்தில் வேலை கிடைத்திருக்கிறது. முதல் மூன்று மாதம் என்ன செய்ய வேண்டும்? (திருக்காட்டுப்பள்ளி)

முதலில் தண்ணீர்க் கணக்கைப் படியுங்கள். மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12 திறந்தால் எந்த வாரம் உங்கள் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டும், குறுவை எத்தனை பேர் போடுகிறார்கள், சம்பா நடவு எப்போது, தை அறுப்பு எப்போது, கொள்முதல் நிலையம் எப்போது திறக்கும். இது தெரியாமல் கூட்டத்துக்குத் தேதி குறித்தால் நாற்காலிகள்தான் வந்திருக்கும். நடவுக்கும் அறுப்புக்கும் மிஷின் வந்துவிட்டது, பையன்களுக்கு வயலில் என்ன வேலை என்று நினைக்காதீர்கள். டிராக்டர் ஓட்டுகிறவனும் மூட்டை தூக்குகிறவனும் அவர்கள்தான்.

இரண்டாவது, பேனரும் பயிற்சியும் வேண்டாம். தினமும் ஒரே நேரம், ஒரே இடம். சாயங்காலம் ஏழு மணி, மதகு. முதல் பத்து நாள் நீங்கள் வந்ததும் பேச்சு நின்றுபோகும். செல்போனைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். நீங்கள் செல்போனை எடுக்காதீர்கள். பதினைந்தாம் நாள் ஒருவன் நகர்ந்து இடம் கொடுப்பான்.

எனக்கு அப்படி இடம் கொடுத்தவனுக்கு அப்போது பதினெட்டு வயது. கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குவான், மூட்டைக்கு 40 கிலோ. கழுத்தெல்லாம் நெல் சுணை பட்டுத் தடித்துச் சிவந்திருக்கும், பேசும்போது சொறிந்துகொண்டே பேசுவான். ஒரு மாதம் கிரிக்கெட்டும் சினிமாவும் பேசினோம். ஒருநாள் எழுந்து போகும்போது, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ‘கணக்கு ஒண்ணுதான் சார் போச்சு, திரும்ப எழுத முடியுமா?’ என்றான். பத்தாவதில் ஒரு பாடம். துணைத்தேர்வு என்று ஒன்று இருப்பது அவனுக்குத் தெரியும். தெரியாதது, சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்த பள்ளிக்கூடத்துக்குள் திரும்ப எப்படிக் கால் வைப்பது என்பது. மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டு வந்தான். சட்டைக் காலரைக் கழுத்தில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே வராந்தாவில் அரைமணி நேரம் நின்றான். நானும் பக்கத்தில் நின்றேன். அன்றைக்கு நான் செய்த வேலை அவ்வளவுதான்.

கேள்வி: வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிக்கலாமா? (நன்னிலம்)

ஆரம்பியுங்கள், கூடவே ஊரில் இன்னொரு பெரியவரையும் அட்மினாகப் போடுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையோடு தனியாக இரவில் சாட் கூடாது. நீங்கள் நல்லவர் என்பது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? நல்லவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொண்டால்தான், கெட்டவன் வரும்போது அதற்கு வித்தியாசம் தெரியும்.

கேள்வி: என் மையத்துக்கு வரும் பதினைந்து வயதுப் பெண் ஒரு விஷயம் சொன்னாள். ‘யாரிடமும் சொல்லாதீங்க அக்கா’ என்கிறாள். வாக்கு கொடுத்துவிட்டேன். (ஊர் வேண்டாம்)

இன்றைக்கே 1098-ஐக் கூப்பிடுங்கள். நீங்கள் கடிதத்தில் விவரித்திருப்பது பாலியல் குற்றம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் எவரானாலும் போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டும், சொல்லாமல் இருப்பதே குற்றம். ஆனால் அவளுக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். முதலில் அவளிடம் உட்கார்ந்து, ‘நான் அந்த வாக்கைக் கொடுத்திருக்கக் கூடாதும்மா, தப்பு என்னுடையது. இதை நான் சொல்லியாகணும். ஆனா நீ தனியாப் போக மாட்டே, நான் கூட இருப்பேன்’ என்று சொல்லுங்கள். சொன்னபடி கூட இருங்கள். ஊரில் வேறு யாருக்கும் அவள் பெயர் போகக் கூடாது.

இந்த வேலைக்கு வருகிற எல்லோருக்கும்: ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்ற வாக்கை எந்தக் குழந்தைக்கும் கொடுக்காதீர்கள். ‘உனக்கு ஆபத்து என்றால் மட்டும் உதவி செய்யக்கூடியவரிடம் சொல்வேன்’ என்பதை முதல்நாளே சொல்லி வையுங்கள்.

கேள்வி: ஊரில் இரண்டு தெரு. பையன்கள் சேர்ந்து விளையாட மாட்டார்கள். இரண்டு மன்றமாக வைத்துவிடலாமா? (திருத்துறைப்பூண்டி)

கூடாது. உங்களுக்குப் பக்கத்து மண்தான் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவில் 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் எரிந்தன. அந்தப் பகுதியில் இரண்டு தெருவுக்கு இரண்டு மன்றப் பலகை மாட்டுவது, இருக்கிற சுவருக்கு நாம் சுண்ணாம்பு அடித்துக் கொடுப்பது.

ஆனால் நாளைக்கே சேர்த்து ஆடவைக்கிறேன் என்றும் கிளம்பாதீர்கள். ஏதாவது நடந்தால் முதல் அடி விழுவது எந்தத் தெருப் பையன் மேல் என்று உங்களுக்கே தெரியும். முதலில் அந்தத் தெருப் பெற்றோரிடம் போய் உட்காருங்கள். அவர்கள் சரி என்றபின் இரண்டு தெருவிலும் வெளியூர் போய் ஆட ஆசைப்படும் பையன்களைத் தேடுங்கள். தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கத்துக்கு அணி போக வேண்டும் என்றால் ஏழு நல்ல ஆட்டக்காரர் வேண்டும், ஒரு தெருவில் ஏழு பேர் தேற மாட்டார்கள். கபடியை எடுங்கள். எதிராளி காலைப் பிடிக்காமல் கபடி ஆட முடியாது. ஆட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் ஒரே குடத்தில் தண்ணீர். முகம் சுளிக்கிறவனை அன்றைக்குத் திட்டாதீர்கள், ஆனால் அவனுக்காகத் தனிக் குடம் வைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பையன்களெல்லாம் வெளிநாட்டுக்கு ஏஜென்டிடம் பணம் கட்டிவிட்டு நிற்கிறார்கள். இதில் நான் என்ன செய்ய? (பட்டுக்கோட்டை)

நிறைய. உரிமம் பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. இதை மன்றப் பலகையில் சாக்பீஸால் எழுதிப்போடுங்கள். முகவரின் உரிம எண்ணை அரசின் இமைகிரேட் தளத்தில் பையனையே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ரசீது இல்லாமல் பத்துப் பைசா கூடாது. போகாதே என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை, அவன் வீட்டுக் கடனை நாம் கட்டப் போவதில்லை. ஏமாறாமல் போய்வர உதவலாம்.

கேள்வி: லண்டனில் இருக்கும் என் சித்தப்பா மகள் இதே வேலைக்கு டிகிரி படித்தாளாம். அங்கே மட்டும் எப்படி? (வல்லம்)

அங்கேயும் ஒருவர் தொடங்கியதுதான். 1844-இல் லண்டனில் ஒய்.எம்.சி.ஏ.வைத் தொடங்கிய ஜார்ஜ் வில்லியம்ஸுக்கு 22 வயது, துணிக்கடை ஊழியர். பகலெல்லாம் கடையில் நின்றுவிட்டு இரவில் கடை மாடியிலேயே படுத்துக்கொள்ளும் கிராமத்துப் பையன்களைப் பார்த்துத் தொடங்கினார். சென்னைத் துணிக்கடைகளில் நிற்கும் நம் பிள்ளைகள் எனக்கு ஞாபகம் வருகிறார்கள். இன்று இங்கிலாந்தில் தகுதிபெற்ற இளைஞர் பணியாளர் ஆக டிகிரி வேண்டும். இலங்கையில் 1979-இலேயே சட்டம் போட்டுத் தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் அமைத்தார்கள். நம் ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் நிரந்தரச் சம்பளத்தில் ஓர் இளைஞர் பணியாளர் வேண்டும். இதை நான் எழுதிக்கொண்டே இருப்பேன்.

கேள்வி: பெண்பிள்ளைகள் வருவதே இல்லை. (அம்மாப்பேட்டை)

கூட்டம் எத்தனை மணிக்கு? இருட்டியபின் வைத்தால் வர மாட்டார்கள். பள்ளி விட்டு வரும் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், நாலரை மணிக்கு, கழிப்பறை உள்ள ஒரு கட்டடத்தில் வையுங்கள். முதலில் அம்மாக்களைக் கூப்பிடுங்கள். பொண்ணு எங்கே போகிறாள், யார் இருப்பார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்பது அவர்களுக்குத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: என் மகன் பி.காம். படித்துவிட்டு இளைஞர் மன்றம் என்று திரிகிறான். கண்டிக்கச் சொல்கிறார்கள். (ஒரத்தநாடு தகப்பனார்)

ஐயா, ஒருநாள் சாயங்காலம் அவன் பின்னால் போய்ப் பாருங்கள். பையன்கள் அவனைச் சுற்றி எப்படி நிற்கிறார்கள் என்று பாருங்கள். பார்த்தபிறகும் கண்டிக்கத் தோன்றினால் கண்டியுங்கள். இல்லையென்றால் உதவுங்கள். மன்றத்தை 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்ய ஏழு பேர் போதும். வரவுசெலவு எழுத ஒரு பெரிய மனிதர் வேண்டும். அந்த நோட்டை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்களேன்.

கேள்வி: எனக்கு 38 வயது. இனிமேலா? (திருவிடைமருதூர்)

கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 1926-இல் பிறந்தவர். கீழ்வெண்மணிக்குப் பிறகு கணவரோடு கீழத்தஞ்சைக்கு வந்து வேலையைத் தொடங்கியபோது அவருக்கு 42 கடந்திருந்தது. லாஃப்டி அமைப்பைத் தொடங்கியது 1981-இல், அப்போது 55. நிலமில்லாத குடும்பங்களுக்கு நிலம், அதுவும் பெண்கள் பெயரில் பட்டா என்று நின்றார். உங்களுக்கு இன்னும் நாலு வருடம் மிச்சம் இருக்கிறது அம்மா.

கேள்வி: நிதி கொடுப்பவர்கள் ‘எத்தனை பேர் பயனடைந்தார்கள்’ என்று எண்ணிக்கை கேட்கிறார்கள். எதை எழுதுவது? (தஞ்சாவூர், களப்பணியாளர்)

உண்மையான எண்ணிக்கையை எழுதுங்கள். பன்னிரண்டு பேர் வந்தால் பன்னிரண்டு. அவர்கள் கணக்குக்கு அது போதும்.

உங்களுக்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டு தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். முழுப்பெயர் வேண்டாம், உங்களுக்கு அடையாளம் தெரிந்தால் போதும். தேதி, அன்றைக்கு என்ன சொன்னான், அடுத்து நீங்கள் என்ன செய்வதாகச் சொன்னீர்கள், அவ்வளவுதான். கடைசியில் சொன்னது முக்கியம். நீங்கள் மறந்தாலும் அவன் மறக்க மாட்டான்.

சுணைக் கழுத்துப் பையன் முதல் தடவை கணக்கில் மறுபடியும் போனான். நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. ‘ரிசல்ட் போச்சு. ரெண்டு நாளா மதகுக்கு வரல. வீட்டுக்குப் போகணும், கணக்குப் பேச்சு எடுக்கக் கூடாது. சுணைக்குத் தேங்காய் எண்ணெய் தடவினானா கேட்கணும்.’