பழைய ஆபீஸில் அப்டேட் ஏறாமை: தாய்ப்பத்திரக் கோட்பாடு நோக்கில் ஓர் ஆய்வு

பழைய எம்எஸ் ஆபீஸுக்கு வரும் பாதுகாப்பு அப்டேட் ஏன் ஏறுவதில்லை? ஏறிவிட்டது என்று வாய்விட்டுச் சொன்ன பிறகும், மறுநாள் காலை அதே எண்ணைத் தாங்கிக்கொண்டு ஏன் மீண்டும் வந்து நிற்கிறது? கல்விப்புலத்தார் இதுவரை தீண்டாத இப்பொருள் இவண் ஆராயப்படுகிறது.

ஆய்வின் எல்லை: ஆபீஸ் 2003, 2007, 2010 என்னும் மூன்று பதிப்புகள். ஆய்வுக் களம்: அவை இன்றும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும் ஆடிட்டர் அலுவலகங்கள், பத்திர எழுத்தர் கடைகள், பள்ளிக்கூடத்து ஆபீஸ் ரூம்கள், ஜெராக்ஸ் கடைகள். கருதுகோள்: அப்டேட் ஏறாமைக்குக் காரணம் புதியதில் உள்ள கோளாறு அன்று, பழையது தொலைந்துபோனமையே.

இத்துறையில் முன்னோர் ஆய்வுகள் ஏட்டில் இல்லை. எல்லாம் வாய்மொழி மரபு. அதில் மூன்று பள்ளிகள் உண்டு. ரீஸ்டார்ட் பள்ளியார் எதையும் அணைத்துப் போட்டால் சரியாகும் என்பர். அவர்களை எள்ளி நகையாட வேண்டியதில்லை. 1618 என்ற எண்ணோடு வரும் பிழைக்கு, வேறொரு நிறுவல் வேலை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதற்கு ரீஸ்டார்ட்டே பெரும்பாலும் மருந்து. ஃபார்மட் பள்ளியார் தீவிரவாதிகள். 'ஃபார்மட் அடிச்சிடலாம் சார்' என்பது அவர்களின் முதற்சொல்லும் இறுதிச்சொல்லும். மூன்றாவது பள்ளி, அப்டேட்டையே நிறுத்திவைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்பது. தமிழகத்தில் இதற்கே பின்பற்றுவோர் மிகுதி என்று தோன்றுகிறது. வானவில், பாமினி எழுத்துருக்களில் தட்டிய பழைய கடிதங்கள் அப்டேட் போட்டால் கட்டம் கட்டமாகிவிடும் என்ற அச்சம் இப்பள்ளியின் தத்துவ அடித்தளம். பாதுகாப்பு அப்டேட்டுக்கும் எழுத்துருவுக்கும் தொடர்பில்லை என்று எடுத்துச் சொன்னால், 'நீங்க சொல்லுவீங்க, அப்புறம் யாரு திருப்பி டைப் அடிக்கிறது?' என்ற எதிர்வினா வரும். அதற்கு இவ்வாய்வாளரிடம் விடை இல்லை.

அடுத்து காலம். 2003 அக்டோபர் முதல் மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்பு அப்டேட்டுகளை மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியிட்டு வருகிறது. செவ்வாயில் நல்ல காரியம் தொடங்கலாகாது என்று வீட்டுக்கு வீடு பாட்டிமார் படித்துப் படித்துச் சொல்லியிருக்க, இக்கிழமையைத் தேர்ந்தது ஏறாமைக்கு ஒரு காரணமாகலாமோ என்ற ஐயம் எழும். எனினும் அது பொருந்தாது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணிக்கு வெளியாகும் அப்டேட், நமக்குக் கோடையில் இரவு 10.30, அங்கே குளிர்காலமாயின் இரவு 11.30. அந்நேரத்தில் எந்த ஆடிட்டர் ஆபீஸும் திறந்திருப்பதில்லை, தணிக்கைக் கெடு நெருங்கும் செப்டம்பர் மாதக் கடைசி நீங்கலாக. ஆக, நம் சிஸ்டங்கள் அதைக் காண்பது பொன் கிடைத்தாலும் கிடைக்காத புதனில்தான். கிழமைக் கோட்பாடு இத்துடன் கைவிடப்படுகிறது.

இனி மூலபாடம். ஏறாத அப்டேட் விட்டுச்செல்லும் சான்றுகளில் தலையாயது 80070643 என்னும் எண். முதல் நான்கிலக்கம் இன்ன குடும்பத்துப் பிழை என்று காட்டும் அடைமொழி. பொருள் பின்பகுதியில் உள்ளது. அந்த 643 பதினாறடிமான எண். ஆறை 256ஆல் பெருக்கி, நான்கைப் பதினாறால் பெருக்கி, மூன்றையும் கூட்டினால் 1603 வரும். 1603 என்பதற்கு விண்டோஸ் இன்ஸ்டாலர் தரும் உரை: நிறுவும்போது மீள முடியாத பிழை ஏற்பட்டது. அதாவது, ஏன் ஏறவில்லை என்று கேட்டால், ஏறவில்லை என்பதே விடை. நன்னூலார் எண்ணும் பத்துக் குற்றங்களுள் கூறியது கூறல் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைத்தல் அரிது. கூடவே குன்றக் கூறலும் உண்டு.

வேறு சில பாடங்கள் இவ்வளவு ஊமையல்ல. 'எதிர்பார்த்த பதிப்பு இந்தக் கணினியில் காணப்படவில்லை' என்றொரு செய்தி வரும். ஆபீஸ் கண்முன்னே திறந்து கிடக்க, காணவில்லை என்கிறதே என்று பலர் கொதிப்பர். அது தேடுவது ஆபீஸை அன்று, சர்வீஸ் பேக்கை. 2003க்கு மூன்றாம் பேக் 2007இல் வந்தது. 2007க்கு மூன்றாம் பேக் 2011இல். 2010க்கு இரண்டாம் பேக் 2013இல். இந்தப் படிகளில் ஏறாத ஆபீஸுக்குப் பின்னால் வந்த அப்டேட்டுகள் முகம் கொடுப்பதில்லை. சிடியிலிருந்து அன்று போட்டது போட்டபடி இருக்கும் ஆபீஸ்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகின்றன.

களச்சான்றாக ஒரு மாதிரி அலுவலகத்தைக் காண்போம். மேசைமேல் மானிட்டர், மானிட்டர்மேல் மஞ்சள்குங்குமம், அதன் எதிரே சர்வீஸுக்கு வந்த தம்பி. திரையில் நடுவாக ஒரு சிறு பெட்டி: நீங்கள் பயன்படுத்த முயலும் வசதி சிடியில் உள்ளது, சிடியைப் போட்டு ஓகே அழுத்தவும். அடியில் ஒரு நீண்ட கட்டத்தில் புரோபிளஸ்டபிள்யூடபிள்யூ.எம்எஸ்ஐ என்ற பெயர், வாய்விட்டுப் படித்தால் மூச்சு முட்டும்.

'அண்ணே, சிடி கேக்குது.'

'அப்டேட் நெட்ல இருந்துதானே வருது? அதுக்கு எதுக்குடா சிடி?'

'ஆபீஸ் போட்ட சிடி கேக்குதுண்ணே.'

'அது போட்ட பையன் துபாய் போயே பத்து வருஷம் ஆச்சு.'

தம்பி கேன்சல் அழுத்துகிறான். பெட்டி மறைந்து, 80070643 வருகிறது. பேச்சைத் தொடர்ந்து கேட்ட ஆய்வாளருக்குக் கிடைத்த மேலதிகத் தரவு: சி டிரைவ் நிறைந்துவிட்டது என்று சென்ற ஆண்டு க்ளீன் பண்ணிக் கொடுத்தவனும் இதே தம்பிதான். எட்டு ஜிபி மீட்டதற்கு அன்று அவனுக்கு டீயும் வடையும் பாராட்டும் கிடைத்தன.

கருதுகோள் மெய்ப்படுவது இங்கேதான். பத்திரப் பதிவுக்குப் போனவர் எவரும் இதை எளிதில் உணர்வர். நிலம் உங்கள் பெயரில் இருக்கலாம், வீட்டுவரி நீங்கள் கட்டலாம், நாற்பது வருடமாக அங்கேயே குடியிருக்கலாம். தாய்ப்பத்திரம் எங்கே என்றுதான் கேட்பார்கள். அப்டேட்டும் அப்படியே. அது முழு ஆபீஸைக் கொண்டுவருவதில்லை. எதை எங்கே மாற்ற வேண்டும் என்ற திருத்தத்தை மட்டும் கொண்டுவருகிறது. திருத்தத்தைச் சேர்க்குமுன் மூலத்தைப் பார்க்க வேண்டும். அந்த மூலம், ஆபீஸ் போட்ட நாளில் எடுத்துவைத்த எம்எஸ்ஐ நகல், சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இன்ஸ்டாலர் என்னும் மறைவான ஃபோல்டரில் கிடக்கிறது. அதன் பிறகு ஏறிய ஒவ்வொரு அப்டேட்டின் நகலும் அங்கேயே, வில்லங்கச் சான்றின் வரிகளைப்போல ஒன்றன்பின் ஒன்றாக. வேறொரு நகலை டிரைவின் தலைவாசலில் எம்எஸ்ஓகேஷ் என்ற ஃபோல்டரில் ஆபீஸ் 2003 முதல் வைத்துவந்தார்கள்.

இந்த ஃபோல்டர்களின் தலைவிதி, பார்த்தால் குப்பைபோல் இருப்பது. உள்ளே இருக்கும் பெயர்கள் எல்லாம் பொருளற்ற எழுத்தும் எண்ணும். அளவோ பல ஜிபி. டிரைவ் சிவப்பாகும் நாளில் துடைப்பத்தோடு வருபவரின் கண் முதலில் படுவது இவற்றின்மேல்தான். துடைத்த அன்று ஒன்றும் ஆகாது. வேர்டு திறக்கும், எக்செல் கூட்டும், சிஸ்டம் லேசானதுபோல்கூடத் தோன்றும். விளைவு வெளிப்படுவது அடுத்த அப்டேட்டின்போது. செயலுக்கும் விளைவுக்கும் இடையே மாதக்கணக்கில் இடைவெளி இருப்பதால் எவரும் துடைத்தவரைச் சந்தேகிப்பதில்லை. துடைப்பம் சில காலம் அதிகாரபூர்வமாகவே கிடைத்தது என்பதையும் பதிவுசெய்ய வேண்டும்: விண்டோஸ் இன்ஸ்டாலர் க்ளீனப் என்ற கருவியை மைக்ரோசாஃப்டே வழங்கிவந்தது. அது மற்ற மென்பொருள்களின் பாகங்களையும் சிலபோது சேதப்படுத்தியதால் 2010இல் திரும்பப் பெறப்பட்டது.

இத்தனை பாடுபட்டு அப்டேட் ஏற்றத்தான் வேண்டுமா என்று மூன்றாம் பள்ளியார் கேட்பர். அவர்களுக்கு ஈக்வேஷன் எடிட்டரின் கதை. வேர்டில் கணிதச் சமன்பாடு எழுத உதவிய சின்னஞ்சிறு நிரல் அது. 2000 நவம்பரில் தொகுத்த அதே கோப்பு, பதிப்புக்குப் பதிப்பு மாறாமல் கூடவே வந்தது. 17 ஆண்டு கழித்து அதில் ஓட்டை கண்டார்கள்: தயாரித்துவைத்த ஒரு ஆவணத்தைத் திறந்தாலே போதும், அனுப்பியவன் விரும்பும் நிரல் உங்கள் கணினியில் ஓடும். சமன்பாடு என்ற ஒன்றை வாழ்நாளில் எழுதாத குமாஸ்தாவின் சிஸ்டத்திலும் அந்த ஓட்டை இருந்தது. 2017 நவம்பரில் அப்டேட் வந்தது. அதை வெளியிலிருந்து பிரித்துப் பார்த்த வல்லுநர்கள் வியந்துபோனார்கள்: மூல நிரலைத் திருத்தி மறுபடி தொகுத்ததாகத் தெரியவில்லை, தொகுத்து முடித்த கோப்பிலேயே பைட்டு பைட்டாகக் கையால் திருத்தியதுபோல் இருந்தது. ஊருக்கெல்லாம் தாய்ப்பத்திரம் கேட்பவர் வீட்டிலேயே தாய்ப்பத்திரம் காணாமற்போனதோ என்று அப்போது பேச்சு அடிபட்டது. அடுத்த ஜனவரியில் இன்னோர் ஓட்டையும் தெரியவர, அந்த எடிட்டரையே ஆபீஸிலிருந்து பெயர்த்து எடுத்துவிட்டார்கள். ஃபார்மட் பள்ளியார் இதைத் தங்கள் கட்சிக்குச் சான்றாகக் காட்டுவதுண்டு.

சிகிச்சை முறையில் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. முதலில் சிஸ்டத்தின் தேதியைப் பாருங்கள். சிமாஸ் பேட்டரி செத்துப்போய்க் கடிகாரம் 2009க்குத் திரும்பியிருந்தால், அப்டேட்டின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சிஸ்டம் நம்பாது; பொத்தான் அளவிலான ஒரு பேட்டரி வாங்கிப்போட்டால் தீரும் வேலைக்கு ஃபார்மட் கூலி கொடுத்தவர்கள் உண்டு. பிறகு சர்வீஸ் பேக். பிறகு அப்டேட் விட்டுச்செல்லும் லாக் ஃபைல். ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட அந்த இலக்கியத்தை முழுக்க வாசிக்க வேண்டியதில்லை. 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்று தேடி, அதற்கு மேலே உள்ள சில வரிகளைப் படித்தால் எந்தக் கோப்பைக் காணவில்லை என்பது தெரியும். காணாமற்போனது எம்எஸ்ஐ என்றால் பக்கத்து சிஸ்டத்தில் இருந்து பெயர் பார்த்து எடுத்துவர முடியாது. ஒரே கோப்புக்கு ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு பெயர். அசல் சிடிதான் கதி. அதிலும் புரொஃபஷனல் கேட்டால் புரொஃபஷனல். ஸ்டாண்டர்டு சிடியைக் காட்டினால் ஏற்காது. சிடி கிடைத்தால் முழுவதையும் ஹார்டு டிஸ்கில் காப்பி செய்து அந்த இடத்தைக் காட்டுவது உத்தமம். கிடைக்காதவர் ஆபீஸையே எடுத்துவிட்டு வேறொன்றைப் போட வேண்டியதுதான். இவ்வாறாக ஆய்வு, சுற்றிவளைத்து ஃபார்மட் பள்ளியாரின் முடிவுக்கு அருகே வந்து சேர்கிறது. அவர்கள் மூன்று நிமிடத்தில் வந்தார்கள் என்பது மட்டுமே வேறுபாடு.

ஒரு வரலாற்றுக் குறிப்பு விடுபடலாகாது. 2003க்கு ஆதரவு முடிந்தது 2014 ஏப்ரல் 8. 2007க்கு 2017 அக்டோபர் 10. 2010க்கு 2020 அக்டோபர் 13. மூன்றும் செவ்வாய்க்கிழமைகள். இன்று இம்மூன்று பதிப்புகளும் அப்டேட் ஏறாமை என்னும் நோயிலிருந்து முற்றாக விடுபட்டுள்ளன, புதிதாக ஒன்றும் வருவதில்லையாதலால். 'இப்பல்லாம் எந்தத் தொந்தரவும் குடுக்கிறதில்லை' என்று உரிமையாளர்கள் மனநிறைவோடு கூறுவதைக் களப்பணியில் கேட்கலாம். கேட்டால் வயிற்றைக் கலக்கும்.

மேலாய்வுக்குரிய களங்கள் சில: அப்டேட் 35 சதவீதத்தில் நிற்கும்போது மின்சாரம் போவதற்கும் மின்வாரியப் பராமரிப்பு நாளுக்கும் உள்ள உறவு, 'லேட்டர்' பொத்தானை நாள்தோறும் அழுத்துவோரின் உளவியல், துபாய் போன பையனின் வீட்டுப் பரணில் உள்ள சிடிகளுக்கு ஓர் அட்டவணை. அப்டேட் ஏறாத சிஸ்டத்தில் ஒழுங்காக ஓடும் பிரிண்டர், ஏறிய சிஸ்டத்தில் மட்டும் ஏன் நின்றுபோகிறது என்பது தனி ஆய்வேடாகவே செய்யத்தக்கது. நெறியாளர் கிடைக்க வேண்டும்.