வர்ணனைக்கு உரையாசிரியர்

ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு முத்துப்பேட்டைக் கடைத்தெரு டீக்கடையில் ஒருவர் ரிமோட்டைக் கைப்பற்றினால், ஐரோப்பாவில் எங்கோ ஃபார்முலா ஒன் பந்தயம் கிளம்புகிறது என்று அர்த்தம். சிங்கப்பூர்ப் பந்தயம் என்றால் ஐந்தரைக்கே ஆஜர். 2008-இல் முதல் இரவுப் பந்தயம் நடந்தபோது அங்கேதான் வேலையில் இருந்தார். நேரில் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்கக் கூடாது. டிக்கெட் விலைக்குப் பயந்து வெளியே நின்று சத்தம் கேட்டவர்.

டிவி வர்ணனையாளர்தான் இவருக்கு ஜென்ம விரோதி. "சிவப்புக் கோடு போட்ட டயர் வேகம் கொடுக்கும், சீக்கிரம் தேயும், வெள்ளை நின்று உழைக்கும், மழை இல்லாத பந்தயத்தில் குறைந்தது இரண்டு வகை போட்டாக வேண்டும்" என்று அந்த மனுஷன் பொறுமையாகத் தொடங்கினால் இவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இது என்ன எல்.கே.ஜி. வகுப்பா? விவரம் தெரிஞ்சவன் பார்க்கிறானேன்னு ஒரு மரியாதை வேணாம்?"

மியூட்.

"ஓடுற வண்டியை எதுக்கு மாமா நடுவுல நிறுத்துறான்?" என்பார் டீ மாஸ்டர். அவ்வளவுதான். அரை நிமிடச் செய்தி அரை மணி நேரமாக விரியும். இரண்டு டீ கிளாஸ்கள் கார்களாகும். வடைத் தட்டு, டயர் மாற்றும் பிட் ஆகும். பின்னால் வரும் கிளாஸ் முந்திப் போய் டயர் மாற்றி, புது டயரில் பறந்து, முன்னது மாற்றி வெளியே வருவதற்குள் தாண்டிவிடும். இதற்குப் பெயர் அண்டர்கட். வடை கேட்டவர் காத்திருக்க வேண்டியதுதான்.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் 'தல' அஜித்குமார் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பிடித்ததும் பையன்கள் கூட்டம் கூடியது. இவர் 2005 இண்டியானாபோலிஸ் ஃபார்முலா ஒன் பந்தயத்திலிருந்து ஆரம்பித்தார். மிஷெலின் டயர் தாங்காது என்று 14 கார்கள் ஒதுங்க, மிச்சமிருந்த ஆறில் நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் நாலாவதாக வந்த கதை.

"அதுல தல ஓட்டுனாரா மாமா?"

விவரம் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே வர்ணனையில் எப்படிப் பேசுவது என்ற சிக்கலை பிபிசி அந்தக் காலத்திலேயே தீர்த்திருக்கிறது. மர்ரே வாக்கர் ஊருக்கெல்லாம் கேட்கும்படி கத்துவார். 1976 உலகச் சாம்பியன் ஜேம்ஸ் ஹன்ட் பக்கத்தில் உட்கார்ந்து நுணுக்கம் சொல்வார். நம்மவருக்கு அந்த ஏற்பாடும் ஒத்துவராது. வர்ணனையாளரே எல்லாருக்கும் புரிய வைத்துவிட்டால், இவரிடம் யார் கேட்பார்கள்? டிவி, விவரம் தெரிந்த ரசிகருக்கு மட்டும் பேச வேண்டும். ஊருக்கு இவர் பேசுவார்.

போன வாரம் அலையாத்திக் காடு பார்க்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர், வண்டி ஏன் நிற்கிறது என்று கேட்டுவிட்டார். இவர் வாயைத் திறப்பதற்குள் டீ மாஸ்டர் இரண்டு கிளாஸை எடுத்து வைத்து அண்டர்கட்டை ஒரே மூச்சில் முடித்துவிட்டார்.

"வர்றவன் போறவனுக்கெல்லாம் விளக்கிக்கிட்டிருந்தா மனுஷன் எப்பய்யா பந்தயம் பார்க்கிறது?" என்று சீறியவர், டிவி சத்தத்தை முழுசாகக் கூட்டிவிட்டார்.