வேற்றுமை மயங்கியல்: கிள்ளான் பள்ளத்தாக்குப் பதிப்பு

தொடக்கநிலை ஜெர்மன் இலக்கணம் என்பது 16 கட்டங்களில் 6 சொற்களைப் போட்டு நிரப்பும் கலை. பால் மூன்று, பன்மை ஒன்று, ஆக நான்கு. அவற்றைக் குறுக்கே வெட்டும் வேற்றுமைகளும் நான்கு. இந்த 16 கட்டங்களிலும் டெர், டீ, டாஸ், டென், டெம், டெஸ் என்னும் ஆறு ஆர்ட்டிக்கிள்களே மாறி மாறி வந்து உட்காருகின்றன. டெர், டீ இரண்டும் நான்கு நான்கு கட்டங்களைப் பிடித்துக்கொள்ள, எஞ்சிய நான்கும் இரண்டிரண்டோடு அடங்கிவிடுகின்றன. இணையவழிக் கல்வி என்பது இக்கட்டங்களைக் கைப்பேசித் திரையில் பார்ப்பது. மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கு என்பது, கிள்ளான் நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸுக்கு நடந்து சேரும்வரை பார்த்தாலும் அவை மனப்பாடம் ஆகாத நிலப்பரப்பு.

கற்போர் இயல்

கற்போர் இருவகையர். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை என்று கேள்விப்பட்டவர் ஒரு வகை. பாடென்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குவதையும் கேள்விப்பட்டவர் மற்றொரு வகை. முதல் வகையினரே பாடத்தை உற்சாகமாகத் தொடங்குகின்றனர். பந்தாட்டம் பார்த்துப் படிக்க வந்தோர் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டோர்.

பாடவகை இயல்

கதை உள்ள பாடம் முதலாவது. டாய்ச்ச வெல்ல ஒலிபரப்பு நிறுவனம் இலவசமாகத் தரும் ‘நிகோஸ் வேக்’ தொடரில், நிகோ என்னும் ஸ்பானிய இளைஞன் ஜெர்மனிக்கு வந்த கையோடு தன் பையைத் தொலைக்கிறான். பை பெண்பால்: டீ டாஷெ. பையைத் தொலைத்தான் என்னும்போது இரண்டாம் வேற்றுமை வர வேண்டும். பெண்பாலுக்கு அங்கும் டீயே. குடையைத் தொலைத்திருந்தால் டெர் ஷிர்ம், டென் ஷிர்ம் ஆகி, முதல் பாடத்திலேயே வகுப்பில் பாதிப் பேர் கழன்றிருப்பர். தொடக்கநிலையில் எதையேனும் தொலைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் பெண்பால் பொருளையே தொலைக்க வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். (சான்று: கிள்ளான் வாய்மொழி மரபு.)

ஆந்தை உள்ள பாடம் இரண்டாவது. டுவோலிங்கோவின் பச்சை ஆந்தை இலக்கணம் சொல்லிக்கொடுப்பதைவிடக் குற்றவுணர்வைச் சொல்லிக்கொடுப்பதில் தேர்ந்தது.

ஆசிரியர் உள்ள பாடம் மூன்றாவது. ஸூம் திரையில் நடக்கும் இதன் முதல் கால்பகுதி ‘கேட்குதா?’ என்னும் வினாவிலும், கடைசிக் கால்பகுதி ‘கேட்கலை’ என்னும் விடையிலும் கழியும். இதே பாதையை எதிர்த்திசையில் கடந்தவர் சீகன்பால்கு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய அந்த ஜெர்மானியர், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். பத்தாண்டில் அவருடைய தமிழ் இலக்கணம் லத்தீனில் ஹாலே நகரில் அச்சாகியது. மணலுக்கு சார்ஜ் தேவைப்படவில்லை என்பதை இங்கு நோக்குக.

நேர இயல்

ஜெர்மனியில் பிற்பகல் 3 மணி என்றால் கிள்ளானில் குளிர்காலத்தில் இரவு 10, கோடையில் 9. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் ஐரோப்பா தன் கடிகாரத்தை மாற்றுகிறது. கோடையும் குளிரும் அறியாத கிள்ளான் மாணவர் அடுத்த வகுப்புக்கு ஒரு மணி முந்தியோ பிந்தியோ வந்து, யாரும் இல்லாத திரையில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

‘ஹால்ப் அக்ட்’ என்பதில் அக்ட் எட்டு, ஹால்ப் அரை. ஆயினும் பொருள் எட்டரை அன்று, ஏழரை. தமிழர் ஏழு போனதைக் கணக்கில் வைக்கிறார். ஜெர்மானியர் வரப்போகும் எட்டைக் கணக்கில் வைக்கிறார். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளியதை நினைவில் வைத்திருக்கும் மூத்தோர், வராத அரைமணியை வந்ததாகக் கொள்ளும் இம்முறையை எளிதில் ஏற்பர் என்பது ஒரு கட்சி. வகுப்பு ஏழரைக்கு என்றால் வீட்டில் சனீஸ்வரன் பெயர் அடிபடும், ஹால்ப் அக்டுக்கு என்றால் அடிபடாது, ஆகவே ஜெர்மன் முறையே மங்கலமானது என்பது மறு கட்சி. பின்னதே வலிது.

மரியாதை இயல்

டூ என்பது நீ. ஸீ என்பது நீங்கள். தமிழர்க்கு இவ்வியல் வேண்டா.

பெரிய எழுத்தியல்

ஜெர்மனில் எல்லாப் பெயர்ச்சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும். 1819 முதல் ஜெர்மன் இலக்கணத்தைப் பெருநூலாக வெளியிட்ட யாகோப் கிரிம் இவ்வழக்கத்தை வெறுத்துச் சிறிய எழுத்திலேயே எழுதினார். அவரைப் பின்பற்றும் கிள்ளான் மாணவருக்கு மதிப்பெண் குறையும்.

வேற்றுமை இயல்

தொல்காப்பியர் வேற்றுமை ஏழு என்று சொல்லி, விளியையும் சேர்த்து எட்டாக்கினார். ஜெர்மனில் நான்கு. தீபாவளிக்கு முந்திய வாரம் ஜாலான் தெங்கு கெலானா துணிக்கடையில் நுழைந்தவரைப் போல, பாதி விலை என்று கேட்டதுமே தமிழ் மாணவர் கையை நீட்டிவிடுகிறார். தள்ளுபடியில் போன வேற்றுமைகளின் வேலையும் நான்காம் வேற்றுமையின் தலையில் ஏற்றப்பட்டிருப்பதை அவர் மூன்றாம் வாரத்தில்தான் அறிகிறார்.

உணவு மேசையில் இது தெளிவாகும். கரண்டி ஆண் (டெர் லோஃபெல்), முள்கரண்டி பெண் (டீ காபெல்), கத்தி இரண்டுமல்லாதது (டாஸ் மெஸ்ஸர்). ஏன் என்று கேட்பவரை அடுத்த பாடத்துக்கு அனுப்பிவைப்பது ஆசிரியர் மரபு. பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் சாப்பிடுபவருக்கு இத்தொல்லை இல்லை; அவருக்குக் கை ஒன்று போதும், கை பெண்பால், டீ ஹான்ட். ஆனால் ‘கையால் சாப்பிடுகிறேன்’ என்று சொல்ல வாயெடுத்தால் ‘மிட்’ வரும். மிட் வந்த இடத்தில் நான்காம் வேற்றுமை வரும். நான்காம் வேற்றுமையில் டீ ஹான்ட், டெர் ஹான்ட் ஆகிவிடும். டெர் என்றால் ஆண்பால் என்று முதல் நாள் அடித்துச் சொன்னவரும் இதே ஆசிரியர்தான். சோற்றைப் பிசையும்வரை பெண்ணாக இருந்த கை, வாயை நோக்கிப் புறப்பட்டதும் ஆணின் சட்டையை மாட்டிக்கொள்கிறது. (சான்று: ஜாலான் துன் சம்பந்தன் வாய்மொழி மரபு, ரசம் வந்த பிறகு விவாதம் தொடரவில்லை.)

சாப்பாட்டுக்குப் பின் தேநீர். டீ, டீ அன்று. தேநீர் ஆண்பாலாகையால் டெர் டே. மலேசியத் தமிழர் தே தாரேக் குடித்தே வளர்ந்தவராதலால் உச்சரிப்பு அவர்க்கு ஏற்கெனவே பாதி கைவந்தது. சென்னையிலிருந்து படிப்பவர் ஆர்ட்டிக்கிள் டீயையும் குடிக்கும் டீயையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு, ஒரு பிழைக்கு இரண்டு பிழை செய்கிறார். (சான்று: நோட்டுப்புத்தகப் பின்னட்டைச் சுவடி, தே தாரேக் கறையால் இரண்டாம் வரி சிதைவு, சிதைந்த இடத்தில்தான் சரியான விடை இருந்ததாக உரிமையாளர் கூறுகிறார்.)

வாசல் இயல்

இன், ஆன், ஆவுஃப் முதலிய ஒன்பது முன்னிடைச் சொற்கள் இரு வேற்றுமையும் கொள்வன. ஓரிடத்தை நோக்கிச் சென்றால் இரண்டாம் வேற்றுமை. அங்கே இருந்தால் நான்காம் வேற்றுமை. ரயில் ஆண்பால், டெர் ட்சூக். ஏறும்போது ‘இன் டென் ட்சூக்’. ஏறி நின்றபின் ‘இம் ட்சூக்’. பாடப்புத்தகங்கள் இதை அம்புக்குறி போட்ட இரண்டு படங்களில் முடித்துவிடுகின்றன. அப்படம் வரைந்தோர் எவரும் மாலை ஆறு மணிக்குக் கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் கொமுட்டருக்கு நின்றவரல்லர் என்று துணியலாம். அங்கே ஏறிக்கொண்டிருப்பவருக்கும் ஏறிவிட்டவருக்கும் இடையில், கதவில் சிக்கியவர் என மூன்றாம் வகையினர் உளர். இலக்கணம் இவர்க்கு வேற்றுமை வகுக்கவில்லை.

இக்குறையை நிரப்ப எழுந்த கொள்கைகள் மூன்று. கால் எங்கே உள்ளதோ அங்கேயே ஆள் உள்ளார் என்பர் பாதச் சாரார். ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் நடைமேடையிலும் இருப்பவரை என் செய்வது என்னும் வினாவுக்கு அவர்கள் இன்னும் விடையளிக்கவில்லை. தலை நுழைந்தால் நான்காம் வேற்றுமை என்பர் தலைச் சாரார். இவர்களிற் பலர் உயரமானவர்கள். பை உள்ளே போய் ஆள் வெளியே நின்றால், பைக்கு நான்காம் வேற்றுமையும் ஆளுக்கு இரண்டாம் வேற்றுமையும் கொடுத்து, இருவரையும் அடுத்த நிலையத்தில் சேர்த்துவைக்க வேண்டும் என்பர் பைச் சாரார். கதவு மூடும் ஒலி கேட்டதும் மூன்று சாராரும் ஒரே வேற்றுமைக்கு வந்துவிடுவதால் இவ்விவாதம் ஒவ்வொரு மாலையும் முதலிலிருந்து தொடங்குகிறது.

சிக்கல் இதனோடு நிற்பதன்று. கொமுட்டரில் 2010 முதல் பெண்களுக்கென்று தனிப்பெட்டி உண்டு. பெட்டி, டெர் வாகென், ஆண்பால். கூட்டுச்சொல்லின் பால் கடைச்சொல்லைப் பொறுத்ததாகையால், முன்னே ‘பெண்கள்’ என்று எத்தனை முறை ஒட்டினாலும் அது ஆண்பாலே. ஆண்கள் ஏறக்கூடாத அப்பெட்டியில் இலக்கணப்படி முதலில் ஏறியிருப்பது ஓர் ஆண். அதில் ஏறும் இளம்பெண்ணோ, டாஸ் மெட்ஷென், இரண்டுமல்லாத பால். கையில் உள்ள பயணச்சீட்டு பெண், குடை ஆண், கைப்பேசி மறுபடியும் இரண்டுமல்லாதது. ஆக, கையில் உள்ளவற்றுள் பெண்பாலுக்குரிய உறுதியான பொருள் சீட்டு ஒன்றே. அதையும் நிலைய நுழைவாயிலில் தட்டி உள்ளே வந்தபின் பையில் போட்டுவிடுகின்றனர்.

இளம்பெண்ணை அஃறிணையாக்கிய இவ்விதியைக் கண்டு மார்க் ட்வெய்ன் 1880இலேயே நொந்துகொண்டார். கிள்ளான் தமிழர் நோவதில்லை. ‘அந்தப் பொண்ணு வருது’, ‘புள்ள தூங்குது’ என்று அன்றாடம் பேசுவோர்க்கு டாஸ் மெட்ஷென் வீட்டுச் சொல் போலவே தோன்றும். உயர்திணை, அஃறிணை என்று மேடையில் முழங்கும் அறிஞரும் வீட்டுக்குப் போனதும் ‘பாப்பா சாப்பிட்டுச்சா?’ என்றே கேட்கிறார். (சான்று: கொமுட்டர்ச் சுவடி, கதவோர ஏடு. எழுதியவர் பெயர் இல்லை. நெரிசலில் எழுதப்பட்டதால் எழுத்து இடப்பக்கம் சாய்ந்துள்ளது. பாடாங் ஜாவாவுக்கு முன் ‘டென்’ என்றிருந்ததை அதற்குப் பின் ‘டெம்’ என்று திருத்திய கை வேறொருவருடையது. பதிப்பித்தோர் இதைப் பாடபேதம் என்பர். ஆசிரியர் தப்பு என்பர். சன்னலோர இருக்கைக்காரர் இடைச்செருகல் என்று கருதி இறங்கிவிட்டார்.)

வினை இயல்

ஜெர்மனில் முதன்மை வாக்கியத்தின் வினை இரண்டாம் இடத்தில் நிற்கும். சார்பு வாக்கியத்தில் கடைசிக்குப் போகும். கடைசியில் வினை வைப்பதே தமிழர் தொழிலாகையால் இதில் வியப்பில்லை. வியப்பு, வினை இரண்டாக உடையும்போது. ‘நாளை உனக்குப் ஃபோன் செய்கிறேன்’ என்பதற்கு ‘இஷ் ரூஃபெ டிஷ் மோர்கென் ஆன்’ என்பர். ரூஃபெயும் ஆனும் சேர்ந்ததே வினை. பாட்டின் ஓரடியில் கிடக்கும் சொல்லைப் பல அடி தள்ளியிருக்கும் சொல்லோடு கொண்டுபோய் மாட்டுவதில் நச்சினார்க்கினியர் பெயர்பெற்றவர். அவருடைய பத்துப்பாட்டு உரையில் மூழ்கி எழுந்தவர்க்கு ஜெர்மன் பிரிவினை ஒரு பொருட்டன்று. அவ்வாறு எழுந்தவர் எத்தனை பேர் என்பது வேறு ஆய்வு.

கடைசிச் சொல்லில் பொருளை வைத்திருக்கும் மொழியை, கடைசிச் சொல்லுக்கு முன் அறுந்துவிடும் இணையத்தில் கற்பதே உண்மையான ஆபத்து. ‘இஷ் ஃபெர்ஷ்டேயெ டீ லெக்ட்சியோன் நிஷ்ட்’ என்றால் பாடம் புரியவில்லை என்று பொருள். நிஷ்ட் வருமுன் தொடர்பு அறுந்தால், பாடம் புரிந்தது என்றே ஆசிரியர் காதில் விழும். அவர் மகிழ்ந்து அடுத்த பாடத்துக்குப் போகிறார். மாணவர் திரும்பி வந்து மீண்டும் அதையே சொல்ல, மீண்டும் அதே இடத்தில் அறுந்தால், மிகச் சிறந்த மாணவர் எனப் பெயரெடுக்கிறார். தமிழில் சொல்லியும் பயனில்லை. ‘புரிய’ வரைக்கும் போய்ச் சேர்ந்து, ‘லை’ கிள்ளானிலேயே தங்கிவிடும்.

சொல்மூல இயல்

உலகத் தமிழ் மாநாடு 1966, 1987, 2015 ஆண்டுகளில் கூடிய நகரம் கோலாலம்பூர். ஆகவே, தண்ணீரைக் குறிக்கும் ஜெர்மன் ‘வாஸர்’ என்பது காலையில் நீர் தெளிக்கப்படும் ‘வாசல்’ என்பதன் திரிபே என்று நிறுவும் கட்டுரை ஒன்று எழுதப்பட்டே தீரும். அதற்கு வேண்டியது லகரம் ரகரமாகும் என்னும் ஒரு விதியும், எதிர்க்கேள்விக்கு நேரம் ஒதுக்காத ஓர் அமர்வுமே.

தேர்வியல்

கோலாலம்பூர் கோதே நிறுவனம் நடத்தும் ஏ1 தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். 100க்கு 60 வாங்கினால் தேர்ச்சி. இலக்கணம் என்று தனிப்பகுதி கிடையாது.

பேசும் பகுதியில் பெயர், வயது, ஊர், அறிந்த மொழிகள் முதலியவற்றைச் சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். மொழிகளைச் சொல்லும் இடத்தில் தமிழ், மலாய், ஆங்கிலம் என்று அடுக்கிக்கொண்டு போகும் கிள்ளான் மாணவர், ஊரைச் சொல்லும் இடத்தில் நின்றுவிடுகிறார். ஊர்ப்பெயருக்குப் பொதுவாக ஆர்ட்டிக்கிள் வராது. 16 கட்டங்களிலிருந்தும் தப்பிய ஒரே பொருள் அவருடைய ஊர்தான். ஆனால் கிள்ளானைக் குறிக்கும் ‘கிளாங்’ என்பது ஜெர்மனில் ஒலி என்னும் பொருளுடைய ஆண்பாற் சொல்லும் ஆகும். ‘இன் கிளாங்’ வசிக்கிறேன் என்றால் கிள்ளானில் வசிக்கிறேன். பழக்க தோஷத்தில் ‘இம் கிளாங்’ என்று சொல்லிவிட்டால் ஒலிக்குள் வசிக்கிறேன். ஜாலான் தெங்கு கெலானாவில் பாட்டுக்கடை ஒலிபெருக்கிக்கு மேல்மாடியில் குடியிருப்பவர் எதைச் சொன்னாலும் பொய்யில்லை.