ரொட் ஹோல்டர் அண்ணை

கனடாவில் பள்ளிக்கூடம் பூட்டி, இங்கே கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கிற ஜூலை, ஓகஸ்ட்டில் திருகோணமலைக்கு வந்து இறங்குகிறவர்களில் கோணேசருக்கு நேர்த்தி தீர்க்க வருகிறவர் உண்டு. காணி உறுதியைத் தூக்கிக்கொண்டு கச்சேரிக்கும் நொத்தாரிசு வீட்டுக்கும் அலைகிறவர் உண்டு. இவர் அந்த இரண்டிலும் சேராதவர். இவர் ரொட் ஹோல்டர் பூட்ட வருகிறார்.

ரொட் ஹோல்டர் என்பது பெரிய மாயமொன்றுமில்லை. தூண்டில் கம்பின் அடியைச் செருகி வைப்பதற்காகப் படகு விளிம்பில் பொருத்துகிற ஒரு சாண் குழாய். படகு ஓட ஓட நூல் பின்னால் இழுபட்டு வரும். அதைத்தான் ட்ரோலிங் என்கிறார்கள். கம்பைக் கையில் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நிற்க ஏலாது, ஆகவே குழாய் பிடித்துக்கொள்கிறது. விஷயம் இவ்வளவுதான் என்று ஊர் நினைத்திருந்தது. அண்ணை வந்து திருத்தினார்.

ஆளைப் பிழைக்காமல் கண்டுபிடிக்கலாம். தலையில் மீன் படம் போட்ட தொப்பி. காற்சட்டையில் தேவைக்கு மிஞ்சின பைகள்; ஒன்றில் அளவுநாடா, ஒன்றில் மகனுடைய ஜியோமெற்றிப் பெட்டியிலிருந்து எடுத்த கோணமானி, ஒன்றில் காந்தத் துண்டு. சூட்கேசில் மருமக்களுக்குச் சொக்லேட் ஒரு பை, அக்காவுக்குக் கோடாலித் தைலம் நாலு போத்தல், மிச்சம் முழுக்க உலோகம். கட்டுநாயக்காவில் திறந்து காட்டச் சொன்னபோது மனம் குளிர்ந்து திறந்தாராம். ஹோல்டரைப் பற்றி விளக்கம் கேட்க அந்நியர் ஒருவர் தானாக முன்வருவது அவருக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை. வீட்டுக்காரர் எல்லாம் கேட்டு முடித்துவிட்டார்கள்.

இந்த ஞானம் பிறந்த இடம் ஒன்ராறியோ ஏரி. ஸ்காபரோவில் புளஃபர்ஸ் பார்க் என்றொரு படகுத்துறை; அங்கிருந்து வெளிக்கிட்டு சினூக் சாமன் பிடிப்பார்கள். அங்கே நன்னீரிலேயே வளர்கிற மீன், முப்பது றாத்தலைத் தாண்டுவதும் உண்டு. அது அந்த ஏரிக்குப் பூர்வீகமான மீனுமில்லை. 1960களின் கடைசியிலிருந்து பசிபிக் பக்கத்து மீனைக் குஞ்சாகக் கொண்டுவந்து விட்டுப் பெருக்கியது. அண்ணையைப் போலவே குடிபெயர்ந்து போய், போன இடத்தில் நன்றாகக் கொழுத்த சாதி. அங்கே படகு ஊரும். மணிக்கு இரண்டு மூன்று மைல்தான். பத்து றாத்தல் ஈயக்குண்டு ஒன்று நூலை ஆழத்துக்குக் கொண்டுபோகும். மீன் கடித்ததும் வளைந்து நின்ற கம்பு ஹோல்டருக்குள் துள்ளி நிமிரும். அந்த நிமிர்வைக் கண்ட நாளிலிருந்து அண்ணைக்கு மீனில் இருந்த பிடிப்பு விட்டு, குழாயில் பிடிப்பு வந்துவிட்டது.

ஊருக்கு வந்த மறுநாள் காலை திருக்கடலூர்க் கரையில் நிற்பார். வலை தெரிந்துகொண்டிருக்கிற இளம் சம்மாட்டி ஒருவர் அகப்படுவார்.

"தம்பி, உன்ர படகில ஹோல்டர் எங்க?"

"என்ன ஹோல்டர் அண்ணை? பல்ப் ஹோல்டரோ?"

"கம்பு வைக்கிற ஹோல்டர்."

"எங்களிட்டக் கம்பே இல்லையே அண்ணை."

உண்மைதான். கம்பில்லாமலே இங்கே அறக்குளாவும் சூரையும் தலைமுறை தலைமுறையாகப் படகேறி வந்திருக்கின்றன. மொத்தத் தங்கூசி, நுனியில் பளபளக்கிற தகடோ பிளாஸ்டிக் கணவாயோ, மறுமுனை படகின் குறுக்குப் பலகையில் கட்டு. இடையில் பழைய டயர் டியூப்பில் வெட்டின ஒரு துண்டு. மீன் அடிக்கிற அடியை அந்த ரப்பர் வாங்கிக்கொள்ளும். அது இழுபடுவதைப் பார்த்தே என்ன மீன் என்று சொல்லுகிற ஆட்கள் இருக்கிறார்கள். இன்னும் சிலருக்குக் கால் பெருவிரலில் நூலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் போதும். பெருவிரலை எத்தனை பாகை சாய்த்து வைப்பது என்று அண்ணை கேட்டதாகவும், தம்பி பதில் சொல்லாமல் எஞ்சினைத் துடைத்ததாகவும் கதை.

பிறகு பாடம் தொடங்கும். பாகைதான் முதலாவது அத்தியாயம். குத்தென நிற்கிற குழாய் கம்பைச் சும்மா நிறுத்தி வைக்க மட்டும். ட்ரோலிங்குக்குப் பதினைந்து பாகையோ முப்பது பாகையோ சாய்ந்திருக்க வேண்டும். ஓரத்துக் கம்புகள் வெளியே சாய்ந்தால்தான் நூல்கள் ஒன்றையொன்று பின்னாது. அடுத்து, குழாயின் அடியில் குறுக்கே போகிற ஊசி. கம்பின் அடியிலுள்ள வெட்டு அதில் போய் உட்கார்ந்தால் கம்பு திரும்பாது. ஊசி இல்லாவிட்டால் பெரிய மீன் அடிக்கிற அடியில் ரீல் தலைகீழாகிவிடும். எல்லாம் சரியான விஷயங்கள்தான். ஆனால் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி வைத்துக்கொண்டு சொல்லுகிற விஷயங்கள் அல்ல. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே பாய்ச்சலில் 340 ரூபாய்க்கு ஏறியதிலிருந்து எஞ்சின் சத்தத்தில் சொற்பொழிவு கேட்கிற வழக்கம் எங்கள் கரையில் இல்லை. ஊசி வருவதற்கு முன்பே தம்பி எஞ்சினை நிறுத்திவிட்டார்.

உலோகப் படலம் ஹார்ட்வெயார்க் கடையில் நடக்கும். கல்லாவில் இருக்கிற நானா ஸ்டெயின்லெஸ் குழாயொன்றை எடுத்து வைப்பார். அண்ணை காந்தத்தை எடுப்பார். ஒட்டினால் கள்ளச் சாமான் என்பது அவர் தீர்ப்பு. முலாம் பூசின இரும்பைக் காந்தம் காட்டிக்கொடுக்கும், அதில் பிழையில்லை. ஆனால் சமையல் பாத்திரத்துக்கு வருகிற 304 ரகமும் கடலுக்கென்றே வருகிற 316 ரகமும் இரண்டுமே காந்தத்தில் அநேகமாக ஒட்டாது. வித்தியாசம் உள்ளே கலந்திருக்கிற மொலிப்டினத்தில் இருக்கிறது. உப்புக் காற்றில் 304 புள்ளி புள்ளியாகத் துருவேறும், 316 தாக்குப்பிடிக்கும். இதையும் அண்ணையே நானாவுக்கு ஒரு மணித்தியாலம் விளக்குவார். "அப்ப அந்தக் காந்தம் என்னத்துக்கு வாப்பா?" என்று நானா கேட்பார். அண்ணை காந்தத்தைத் துடைத்துப் பைக்குள் வைப்பார். அடுத்த கடையில் திரும்ப எடுப்பார்.

இதில் ஒரு வேடிக்கை. அவர் கொண்டுவந்த நாலு ஹோல்டரில் இரண்டு ஏரிக்கென்று செய்தவை. நன்னீரில் உப்பில்லை, சாதாரண திருகாணியே வருடக்கணக்கில் நிற்கும். திருக்கடலூர்க் காற்றில் ஒரு கிழமை இருந்தது, திருகாணித் தலையெல்லாம் தேயிலைச் சாயம் வைத்தது. அண்ணை அதைப் படம் பிடித்து ரொறன்ரோவுக்கு அனுப்பினார். துக்கச் செய்தி அனுப்புகிற முகத்தோடு.

பின்னேரங்களில் டச் பே தேத்தண்ணிக் கடையடியில் கணக்கு. ஆறடிக் கம்பு, ஒன்பது அங்குலக் குழாய், நூலில் இருபது றாத்தல் இழுவை. கம்பு வளையாதென்று வைத்துக்கொண்டால், குழாயின் வாயில் விழுகிற பாரம் எட்டு மடங்கு, நூற்றறுபது றாத்தல். பைபரில் சும்மா முடுக்கின திருகாணி அந்தப் பாரத்துக்குப் பிய்த்துக்கொண்டு போகும். ஆகவே ஊடுருவிப் போகிற போல்ட், அடியில் கனத்த பிளைவூட், அகலமான வாஷர். கடதாசியில் படம் கீறிக்கொண்டிருக்கையில் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான் ஒன்று வந்து கழுத்தை நீட்டி அந்தக் கடதாசியை எடுத்துத் தின்றது. எங்கள் மான்களுக்குக் கடதாசி புதிதல்ல. ஆனால் அண்ணையின் கணக்கைக் கடைசிவரை உள்வாங்கிய சீவன் அந்த ஊரில் அது ஒன்றுதான்.

ஒருநாள் துளைக்கிற மெசின் வந்தது. நாலு ஹோல்டருக்கு நாலு பெரிய துளை, ஒவ்வொன்றைச் சுற்றியும் மும்மூன்று சின்னத் துளை, ஆகப் பதினாறு. ஓட்டையில்லாத படகு வேண்டுமென்றுதான் தம்பி தவணைக் காசு கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை மெசின் இரைகிறபோதும் அவர் மனைவி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தம்பிக்கு இன்னொரு கவலையும் இருந்தது, அதை மரியாதைக்காகச் சொல்லவில்லை: வலை இழுக்கிற விளிம்பில் எது நீட்டிக்கொண்டு நின்றாலும் கண்ணியில் மாட்டும். வழுவழுவென்ற விளிம்புதான் வலைகாரனுக்குச் சொத்து. ஏரியில் வலை இழுக்காத மனிதருக்கு அது தெரிய நியாயமில்லை.

விடியற்காலை வெளிக்கிட்டார்கள். சுவாமி மலையைச் சுற்றித் துறைமுக வாய்ப்பக்கம் வந்ததும் ரோந்துப் படகொன்று நெருங்கியது. முப்பது பாகையில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நாலு இரும்புக் குழாய்கள். கடற்படைத் தளமுள்ள ஊரில், அதுவும் எங்கள் ஊரில், அந்தக் காட்சியை விளக்க ஒரு வசனம் போதும், இரண்டாவது வசனம் ஆபத்து. தம்பி "மீனுக்கு சேர்" என்று முடித்துவிட்டார். அண்ணை பாகையைப் பற்றித் தொடங்கினார். வந்தவர்கள் பத்து நிமிடம் கேட்டார்கள், பிறகு தாங்களாகவே போய்விட்டார்கள்.

கொட்டியாரக் குடாவுக்கு நேரே கடலடியில் பெரும் பள்ளத்தாக்கு ஓடுகிறது. துறைமுக வாயிலேயே தொடங்கி வெளியே போகப் போக ஆயிரம் மீட்டரையும் தாண்டிவிடும். நீலத் திமிங்கிலம் இங்கே கரைக்குக் கிட்ட வருவதற்கும் அந்த ஆழமே காரணம். அதில் கம்பு விழுந்தால் விழுந்ததுதான். சுழியோடி யாரையும் கூப்பிட்டுப் பயனில்லை. குழாய் பிய்ந்து கம்பு போய்விடும் என்ற அண்ணையின் பயத்துக்கு அந்த இடத்தில் முழு நியாயம் உண்டு.

படகு மணிக்கு ஐந்தாறு கடல்மைல் வேகத்தில் ஓட, ஒரு மீன் அடித்தது. அறக்குளாவாக இருக்க வேண்டும்; ரீல் அலறிக்கொண்டு நூலை விட்டது. கம்பு வில்லாய் வளைந்தது. தம்பி எஞ்சினைத் தணித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அண்ணை கம்பைத் தொடவில்லை. முழந்தாளிட்டு, மூக்குக்கண்ணாடியைத் தூக்கி, குழாயின் அடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஆடேல்லை தம்பி! ஒரு மயிரிழை ஆடேல்லை!"

"அண்ணை, கம்பை எடுங்கோ!"

"இஞ்ச வந்து பார், வாஷர் கூட அசையேல்லை!"

நூல் தளர்ந்தது. மீன் போய்விட்டது. அண்ணையின் முகத்தில் கவலையின் சாயல்கூட இல்லை. கரைக்கு வந்து கடைக்காரருக்கும், கட்டுமரத்தில் இருந்தவருக்கும், கண்ட எல்லோருக்கும் அந்த மீனைப் பற்றியல்ல, அந்த வாஷரைப் பற்றிச் சொன்னார். அதே நேரம் தம்பியின் பெருவிரல் நூலில் வந்த இரண்டு சூரையைத் தராசில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கந்தளாய்க் குளத்துக்கும் ஒருமுறை போனார். நன்னீர் தன் சொந்த மைதானம் என்று எண்ணம். அங்கே வலிக்கிற தோணி, எஞ்சின் இல்லை. குளத்து மீன் பெரும்பாலும் பாசி தின்கிற திலாப்பியா, ஓடுகிற தகட்டைத் திரும்பியும் பாராது. ஹோல்டரைப் பூட்டாமலே திரும்பினார். வழியில் இரண்டு கிலோ வாங்கினார்.

செப்டெம்பரில் அவர் போன பிறகு நாலு குழாயில் இரண்டைத் தம்பி கழற்றிவிட்டார், வலைப்பக்கத்து இரண்டை. மற்றதில் ஒன்று கொடிக்கம்பைத் தாங்குகிறது. கடைசிக் குழாயில் தம்பி ஒரு கம்பே வாங்கிச் செருகியிருக்கிறார். உல்லாசப் பயணிகளைக் கூட்டிப்போகிற நாட்களில் அதற்குத் தனிக் காசு.

ஆகவே, மற்றவர்கள் சிரித்தாலும், ஹோல்டர் வாங்குகிறவர்கள் அண்ணையின் சொல்லைக் கேளுங்கள். காசு கட்டுமானால் கடலுக்கு 316 ரகம் எடுங்கள். கட்டாவிட்டால் ஒன்றரை அங்குல எஸ்லோன் பைப்பை வெட்டி வலுவாகக் கட்டினாலும் சின்னப் பாரைக்கும் சீலாவுக்கும் போதும். திருகாணி வேண்டாம், போல்ட், அடியில் பிளைவூட், ரீலிலிருந்து படகுக்கு ஒரு பாதுகாப்புக் கயிறு. மீன் அடித்தால் கம்பைக் கையில் எடுங்கள். படகு இரவல் என்றால், துளைக்கிற மெசினை எடுப்பதற்கு முன் சம்மாட்டியிடம் ஒன்று கேளுங்கள்: வலையை எந்தப் பக்கத்தால் இழுக்கிறவர்?