அலுமாரி அம்மாயி

கட்டுக்கலை, கட்டுகஸ்தோட்டை, பேராதனை வீதி என்று கண்டியில் எந்தப் பக்கம் போனாலும் ஓர் அலுமாரி அம்மாயி அகப்படுவார். முன்னறையில் கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரி, உள்ளே நீலப் பீங்கான், சாவி அம்மாயியின் இடுப்பில். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி எவர்சில்வர் டம்ளரில் வரும். பீங்கானைப் பார்த்துக்கொண்டே குடிக்கலாம்.

அம்மாயியின் அப்பா ஹந்தானைப் பக்கம் தேயிலைத் தோட்டமொன்றில் பங்களா அப்பு. துரையின் சமையல், சாப்பாட்டு மேசை, கோபம் எல்லாம் அவர் பொறுப்பு. "தொரை சீமைக்குப் போகையில எங்கப்பா கையப் புடிச்சு அழுதுட்டுத்தான் இதக் குடுத்தாரு." ஒவ்வொரு தீபாவளிக்கும் துரை இன்னும் கொஞ்சம் கூடுதலாக அழுவார். கண்டியில் இப்படிக் கொடுக்கப்பட்ட பீங்கான்களைக் கூட்டிப் பார்த்தால், துரைமார் தேயிலையை விட்டுவிட்டுப் பீங்கான் கடைதான் நடத்தியிருக்க வேண்டும்.

கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது 1975இல். அம்மாயியின் துரையோ சுதந்திரம் கிடைத்த 1948லேயே கப்பலேறிவிட்டார். அவர் கொடுத்த சூப் பீங்கானைத் திருப்பினால் அடியில் ‘நொரிட்டாக்கே, ஸ்ரீலங்கா’ என்றிருக்கிறது. அந்தத் தொழிற்சாலை பக்கத்து மாத்தளையில் எழுபதுகளில் வந்தது. நாட்டுக்கு ஸ்ரீலங்கா என்று பெயர் மாறியதே 1972இல்தான். மெதுவாக எடுத்துச் சொன்னேன்.

"தொரமாருக்கு எல்லாம் முன்னாடியே தெரியும்" என்றார் அம்மாயி.

நீலப் பீங்கான் மட்டும் அசல் சீமைச் சரக்கு. சீனாவைக் கண்ணால் பார்க்காத இங்கிலாந்துக் குயவர்கள் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீனமென்று வரைந்துவிட்ட வில்லோ கோலம். அம்மாயிக்கோ அது கண்டி வாவி. நடுவில் தீவு இருக்கிறதல்லவா? கரையில் நிற்கும் கட்டிடம் தலதா மாளிகையின் பத்திரிப்பு. பாலத்தில் போகும் மூவரில் முதல் ஆள் துரை, அடுத்தது துரைசாணி, மூட்டையோடு கடைசியில் வருவது அம்மாயியின் அப்பா.

கப்பும் சோசரும் ஆறு ஜோடி. கப் ஐந்துதான் இருக்கிறது. ஆறாவதை, ஞாபகத்துக்கு வேண்டுமென்று துரைசாணி கொண்டுபோனதாக விருந்தாளிகளுக்குச் சொல்வார். 83 ஜூலைக் கலவரத்தில் சேலைக்குள் சுற்றி, வேலிக்கு மேலால் பக்கத்துச் சிங்கள வீட்டுக்குக் கைமாற்றும்போது நழுவியதென்பது சொந்தக்காரர்களுக்கு. மருமகள் அங்கே இருந்தால் கதையே கிடையாது. ஒரு பார்வை மட்டும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை படிக்கும் மகள்வழிப் பேத்தி, இவற்றை வரைய வேண்டும் என்று வந்து நின்றாள். கண்ணாடிக்கு வெளியே இருந்து வரையத்தான் முதலில் அனுமதி. இரண்டு நாள் கெஞ்சலுக்குப் பிறகு, பாய் விரித்து, அதன் மேல் போர்வை விரித்து, ஒவ்வொன்றாக இறக்கினார். மேற்பார்வையும் அவரே.

"அந்தச் சில்லு பேந்த எடத்த விட்டுட்டியே! ஒங்க மாமன் பல்லு மொளைக்கையில கடிச்சது. நல்லா போடு."

பேத்தி போட்டாள்.

"அந்த ஆறாவதையும் போட்டுடு தாயி. பேப்பர்லதானே."

அதையும் போட்டாள். மறுநாள் அம்மாயி அடுப்படியிலிருந்த மருமகளை முன்னறைக்குக் கூப்பிட்டார். படத்தில் ஆறாவது கப்பின் மேல் விரலை வைத்தார்.

"பாத்துக்க. இதுதான் நீ ஒடச்சது."